‘மாட்டில்டு’ என்று எழுதியிருக்கிறார்கள், இது என்ன நோய் டாக்டர்?

கேள்வி: எங்கள் ஊர் ஓமலூர் பக்கம். மகளுக்குப் பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் நடந்த பல் பரிசோதனை முகாமில் அவளுடைய அட்டையில் ‘மாட்டில்டு எனாமல்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். விளக்கம் கேட்பதற்குள் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார்களாம். அவளுடைய முன்பற்களில் வெள்ளைத் திட்டுகள் இருக்கின்றன, நடுவில் பழுப்புக் கறையும் இருக்கிறது. இது பல்லில் வந்த வெண்புள்ளி என்கிறார் மாமியார். சின்ன வயதில் ஒழுங்காகப் பல் துலக்கிவிடாததால் வந்தது என்கிறார் நாத்தனார். நான் ஏற்காட்டில் பிறந்து வளர்ந்தவள், என் பற்களில் ஒரு கறையும் கிடையாது. என் கணவருக்கும் இல்லை. மகள் பிறந்த வருடம்தான் எங்கள் கிணறு வற்றி, ஆயிரம் அடிக்கு போர் போட்டோம். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருக்கும். பஞ்சாயத்துக் குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீரில் மருந்து வாடை அடிப்பதால் அதைப் பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் வைத்துக்கொள்கிறோம். இரண்டு வயது மகனுக்குப் பற்கள் பளிச்சென்று இருக்கின்றன. மகள் இப்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள். இது என்ன நோய்? அந்த ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்? அது எங்கிருந்து வந்தது என்றும் மகள் கேட்கிறாள். கறை போக என்ன செய்யலாம்?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் மகளின் பல்லைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கட்டாயம் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது, போகிற போக்கில் மகனைப் பற்றி எழுதியிருக்கும் அந்த ஒரு வரிதான். அவனுக்குக் குடிக்கவும் சமைக்கவும் போர்த் தண்ணீர் கொடுப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். மேட்டூர்த் தண்ணீரைக் கொடுங்கள். காரணத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம், முதலில் குடத்தை மாற்றிவிட்டு வாருங்கள்.

இனி அந்தச் சொல். எனாமல் என்பது பல்லின் கெட்டியான மேல்படலம். ‘மாட்டில்டு’ என்றால் ‘திட்டுத்திட்டாக நிறம் மாறிய’ என்று பொருள். ஒரே சீராக இல்லாமல் இங்கே வெளிறியும் அங்கே கறுத்தும் காணப்படும் எந்தப் பரப்பையும் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். பளிங்குக் கல்லுக்கும் சொல்வார்கள், மாட்டின் தோலுக்கும் சொல்வார்கள், குளிரில் நிறம் மாறிய குழந்தையின் காலுக்கும் சொல்வார்கள். ஆகவே அது ஒரு நோயின் பெயர் அன்று. முகாமில் பார்த்த மருத்துவர் தம் கண்ணில் பட்டதை அட்டையில் குறித்திருக்கிறார், காரணத்தை எழுதவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே நாளில் பார்க்கும் முகாம்களில் இப்படி நடப்பதுண்டு. ஆனாலும் ஒரு தாயின் கையில் போய்ச் சேரும் அட்டையில் புரியாத ஒரு சொல்லை மட்டும் எழுதி அனுப்புவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

மகள் கேட்டது நல்ல கேள்வி. அவளுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். இந்தச் சொல் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியது. அதைப் பெற்றெடுத்தது ‘மாட்லி’ என்ற இன்னும் பழைய சொல். பல நிற நூல்களைக் கலந்து நெய்த துணிக்கு மாட்லி என்று பெயர். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய கேன்டர்பரி கதைகளில் குதிரை மேல் வரும் வணிகர் அந்தத் துணியைத்தான் உடுத்தியிருக்கிறார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களுக்கு வரும்போது அதே மாட்லி அரசவைக் கோமாளியின் பல வண்ண உடையாகிவிடுகிறது. இந்த மாட்லிக்கும் வேர் ‘மோட்’ என்ற மிகப் பழைய சொல்லாக இருக்க வேண்டும் என்று அகராதி ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மோட் என்றால் துகள், தூசி, சிறு புள்ளி. ‘உன் சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பு’ என்று தமிழ் பைபிளில் வரும் இடத்தில் பழைய ஆங்கிலப் பைபிளில் இருப்பது இந்த மோட்தான். தூசியாக இருந்த சொல் துணிக்குப் போய், துணியிலிருந்து திட்டுத்திட்டான எல்லாவற்றுக்கும் பரவி, கடைசியில் பல்லுக்கு வந்து சேர்ந்தது. மாட்டில்டு என்பது வசைச் சொல் அன்று.

பல்லுக்கு அது வந்த கதையை மட்டும் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் நடந்தது ஏறக்குறைய அப்படியே அங்கேயும் நடந்திருக்கிறது.

பிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற மலையடிவார நகரத்துக்குத் தொழில் செய்ய வந்தார். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை படிந்திருப்பதைக் கண்டார். படித்த புத்தகங்களில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. ஊர்க்காரர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பன்றிக்கறி அதிகம் தின்பதால் என்றார் ஒருவர், பால் மட்டமாக இருப்பதால் என்றார் இன்னொருவர். உங்கள் மாமியாரும் நாத்தனாரும் சொல்வதும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். அவர்கள் மேல் வருத்தம் கொள்ளாதீர்கள். காரணம் கண்ணுக்குத் தெரியாதபோது மனிதர்கள் கையில் கிடைத்த காரணத்தைச் சொல்கிறார்கள்.

மெக்கேயின் வற்புறுத்தலால், அன்றைய அமெரிக்கப் பல் மருத்துவத்தில் மிகப் பெரிய பெயரான ஜி.வி. பிளாக் 1909இல் அங்கே வந்தார். உள்ளூரில் பிறந்த பிள்ளைகளில் ஏறத்தாழ 90 சதவீதம் பேருக்கு அந்தக் கறை இருந்தது. பிளாக் 1915இல் காலமானார். 1916இல் இருவர் பெயரிலும் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்பிலேயே ‘மாட்டில்டு’ என்ற சொல் இடம்பெற்றது. முகாம் மருத்துவர் உங்கள் மகளின் அட்டையில் எழுதியது அங்கிருந்து வந்த வழக்குதான். அந்த ஆய்வில் இரண்டு செய்திகள் தெளிவாயின. பல் முளைத்து முடிந்த பிறகு அந்த ஊருக்குக் குடிவந்தவர்களுக்குக் கறை வருவதில்லை. கறை படிந்த பற்கள் சொத்தையாவதும் எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

அடுத்து ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்ற சிற்றூர். 1923இல் மெக்கே அங்கே போனபோது பெற்றோர்கள் ஒரு செய்தி சொன்னார்கள். தொலைவிலிருந்த வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளின் பற்களில் கறை வரத் தொடங்கியது என்றார்கள். தண்ணீரைச் சோதித்துப் பார்த்ததில் குறையொன்றும் தெரியவில்லை. ஆனாலும் அந்த ஊற்றைக் கைவிட்டு வேறு ஊற்றுக்கு மாறுங்கள் என்று மெக்கே சொன்னார், அவர்களும் மாறினார்கள். சில ஆண்டுகளில் புதிதாக முளைத்த பற்கள் கறையில்லாமல் வந்தன. மகள் பிறந்த வருடம் போர் போட்டோம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஓக்லியின் பெற்றோர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

அந்தத் தண்ணீரில் என்னதான் இருந்தது என்பது 1931இல் தெரிந்தது. ஆர்கன்சா மாநிலத்தில், அலுமினியத் தாதுவான பாக்சைட்டின் பெயரையே கொண்ட ஒரு சுரங்க ஊர் இருக்கிறது. உங்கள் பிறந்த ஊரான ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வெட்டி எடுத்து மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அனுப்பினார்களே, அதே பாக்சைட் தாதுதான் அங்கேயும். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் பல்லில் கறை. அலுமினியத்தின் மேல் பழி வந்துவிடுமோ என்ற கவலையில், அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளர் எச்.வி. சர்ச்சில் ஊர்க் குடிநீரை மிக நுட்பமான முறையில் சோதித்தார். தாது குற்றவாளி இல்லை. கிணற்று நீரில் லிட்டருக்கு 13.7 மில்லிகிராம் ஃபுளோரைடு இருந்தது. அதே ஆண்டில் அரிசோனாவில் மார்கரெட் ஸ்மித் என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் தனியாக ஆய்ந்து அதே முடிவுக்கு வந்தார்கள். அதன்பின் ட்ரெண்ட்லி டீன் என்ற பல் மருத்துவர் எந்த அளவு ஃபுளோரைடுக்கு எந்த அளவு கறை என்பதை ஊர் ஊராக அளந்து பார்த்தார். ‘திட்டுத்திட்டான எனாமல்’ என்ற பழைய பெயர் போய் ‘ஃபுளோரோசிஸ்’ என்ற பெயர் நிலைபெற்றது. இந்தியாவில் இந்தப் பாதிப்பை முதலில் பதிவு செய்தவர்கள் நம் கிண்டி கிங் நிறுவனத்தைச் சேர்ந்த ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும். அன்றைக்குச் சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தில், 1937இல்.

நேரில் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாதுதான். ஆனால் நீங்கள் எழுதியதை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் உங்கள் மகளுக்கு இருப்பது பல் ஃபுளோரோசிஸ் என்றே நினைக்கிறேன். உறுதிசெய்ய வீட்டிலேயே ஒன்று பாருங்கள். திட்டுகள் இடப்பக்கப் பல்லில் இருப்பதுபோலவே வலப்பக்கத்தில் அதற்கு இணையான பல்லிலும் இருக்கின்றனவா? ஃபுளோரைடு இரத்தத்தின் வழியாகப் போவதால் ஒரே காலத்தில் உருவாகும் பற்களை ஒன்றுபோலப் பாதிக்கும். ஒரே ஒரு பல்லில் மட்டும் திட்டு என்றால், பால்பல்லில் பட்ட அடியோ சீழோ காரணமாக இருக்கலாம். ஈறையொட்டி மட்டும் வெள்ளைக் கோடு என்றால் அது சொத்தையின் தொடக்கமாக இருக்கலாம், அதைத் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

மாமியார் சொல்லும் வெண்புள்ளி இது அன்று. வெண்புள்ளி என்பது தோலுக்கு நிறம் தரும் செல்கள் அழிவதால் வருவது. பல்லின் எனாமலில் அந்தச் செல்களே கிடையாது. உங்கள் மகளுக்கு இருப்பது ஒட்டுவதும் இல்லை, பரம்பரையாக வருவதும் இல்லை. வெண்புள்ளியும்கூட ஒட்டுவதில்லை என்பதை இந்தச் சாக்கில் மாமியாரிடம் சொல்லிவிடுங்கள்.

நாத்தனாருக்கான பதில் இன்னும் முக்கியம், ஏனென்றால் அந்தப் பழி உங்கள் மேல் விழுகிறது. எனாமல் உருவாகும்போது முதலில் புரதத்தால் ஒரு சட்டம் கட்டப்படுகிறது. பிறகு அந்தப் புரதம் சிறிது சிறிதாக விலக, அந்த இடத்தில் தாதுப்பொருள் நிறைந்து கெட்டிப்படுகிறது. உடலில் ஃபுளோரைடு அதிகமானால் புரதம் விலகுவது தாமதப்படுகிறது. தாது முழுமையாக நிறையாமல் மேற்பரப்புக்குக் கீழே நுண்துளைகள் தங்கிவிடுகின்றன. அந்தத் துளைகள்தான் நம் கண்ணுக்கு வெள்ளைத் திட்டாகத் தெரிகின்றன. பல் உலர்ந்திருக்கும்போது திட்டு இன்னும் வெளுத்துத் தெரியும். வாயைத் திறந்துகொண்டு தூங்கும் பிள்ளைகளிடம் காலையில் இதைப் பார்க்கலாம். பழுப்பு நிறம் பிறகு வருவது. பல் முளைத்து வெளியே வந்த பிறகு, சாப்பாட்டிலும் குடிப்பதிலும் உள்ள நிறங்கள் அந்தத் துளைகளுக்குள் ஊறிப்போய்த் தங்கிவிடுகின்றன. ஆக, பாதிப்பு நடந்தது பல் ஈறுக்குள் இருந்த காலத்தில். பிரஷ்ஷோ விரலோ எட்ட முடியாத இடம் அது. நீங்கள் எவ்வளவு நன்றாகத் துலக்கிவிட்டிருந்தாலும் இது வந்தே இருக்கும். இதை நாத்தனாரிடம் நீங்களே சொல்லுங்கள், உங்கள் பல் மருத்துவர் எழுதியிருக்கிறார் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் கணவருக்கும் ஏன் கறை இல்லை? மழை நிறையப் பெய்யும் சேர்வராயன் மலையில் ஊற்று நீர் பாறைக்குள் நீண்ட காலம் கிடப்பதில்லை. உங்கள் கணவர் சிறுவனாக இருந்தபோது குடித்தது திறந்த கிணற்றுத் தண்ணீர், அது பெரும்பாலும் மழை இறங்கித் தேங்கிய நீர். ஆயிரம் அடியில் இருப்பது வேறு. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துக் கடினப் பாறைகளில் ஃபுளோரைடு கொண்ட தாதுக்கள் இருக்கின்றன. அந்தப் பாறையின் வெடிப்புகளில் பல காலம் அடைபட்டுக் கிடக்கும் நீர் அவற்றைக் கரைத்துக்கொள்கிறது. அதிலும் காரத்தன்மை கூடி, சுண்ணாம்புச் சத்து குறைந்த நீர் அதிகமாகவே கரைக்கும். ஃபுளோரைடுக்கு நிறம் இல்லை, வாடை இல்லை, குடிக்கிற அளவில் ருசியும் இல்லை. உங்கள் போர்த் தண்ணீரின் தெளிவு எதற்கும் சாட்சியில்லை. எல்லாப் போர்களிலும் ஃபுளோரைடு அதிகமாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஊரில் ஒரு போரில் அதிகமாகவும் பக்கத்துப் போரில் குறைவாகவும் இருக்கக்கூடும், சோதித்தால்தான் தெரியும். அருகிலுள்ள மாவட்டங்களான தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கொண்டுவந்ததே இந்த ஃபுளோரைடை முன்னிட்டுத்தான். காவிரி நீரில் ஃபுளோரைடு குறைவு. அந்த ஊர்களுக்கு 2013இல் வந்து சேர்ந்த காவிரி, உங்கள் வீட்டு வாசலில் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. அதை நீங்கள் பாத்திரம் துலக்கக் கொடுத்துவிட்டீர்கள். இனி மாற்றிக்கொள்ளுங்கள். பாத்திரத்துக்கும் துணிக்கும் குளிப்பதற்கும் போர்த் தண்ணீர் போதும், அதனால் பல்லுக்கு ஒன்றும் ஆகாது. மருந்து வாடை கிருமியைக் கொல்லச் சேர்க்கும் குளோரினுடையது. வாய் அகன்ற பாத்திரத்தில் பிடித்துச் சில மணி நேரம் வைத்திருந்தால் வாடை பெருமளவு போய்விடும்.

இப்போது மகன். அவனுக்குப் பற்கள் பளிச்சென்று இருப்பதைப் பார்த்து நீங்கள் நிம்மதி அடைந்திருக்கிறீர்கள். அவை பால்பற்கள். பால்பல்லின் எனாமல் தாயின் வயிற்றில் தொடங்கிப் பிறந்த முதல் ஆண்டுக்குள் உருவாகி முடிந்துவிடும். தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிகமிகக் குறைவு, தாய் ஃபுளோரைடு நீரைக் குடித்தாலும் பாலில் அது பெரிதாக ஏறுவதில்லை. அதனால் பால்பற்கள் பெரும்பாலும் தப்பிவிடும். அவனுடைய நிரந்தர முன்பற்கள் இப்போது, இந்த மாதத்தில், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. ஆறேழு வயதில் அவை வெளியே வரும்போதுதான் இன்றைக்கு அவன் குடிக்கிற தண்ணீர் எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியவரும். மேல் முன்பற்களுக்கு ஒன்றரை வயது முதல் இரண்டரை வயது வரையிலான காலம் மிகவும் நுட்பமானது. முன்பற்களின் எனாமல் முழுவதும் முடிய நாலைந்து வயதாகும். கடைவாய்ப் பற்களுக்கு எட்டு வயது வரை, ஞானப்பல்லுக்கு மட்டும் அதற்கு மேலும். மகளுக்கு வந்ததைத் துடைத்து அழிக்க முடியாது. மகனுக்கு வராமல் செய்ய முடியும், அதற்குத் தண்ணீரை மாற்றினால் போதும். இதனால்தான் கடிதத்தின் தொடக்கத்திலேயே உங்களைக் குடத்திடம் அனுப்பினேன்.

குடிக்கிற தண்ணீரை மட்டும் மாற்றிவிட்டுச் சோற்றுக்கும் கேழ்வரகுக் கூழுக்கும் போர்த் தண்ணீரையே ஊற்றினால் பயனில்லை. அரிசி உறிஞ்சுகிற தண்ணீரோடு ஃபுளோரைடும் உள்ளே போகிறது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைய, ஃபுளோரைடின் அடர்த்தி கூடத்தான் செய்யும். ‘கேண்டில் ஃபில்டர்’ எனும் பீங்கான் வடிகட்டியும், புற ஊதாக் கதிர் மட்டும் உள்ள கருவியும் இதை நீக்காது. ஆர்.ஓ. கருவி பெருமளவு நீக்கும். படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து தெளிய வைக்கும் நல்கொண்டா முறை என்று ஒன்று உண்டு, நம் நாட்டின் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான ‘நீரி’ உருவாக்கியது. அதற்கு அளவு சரியாகத் தெரிந்திருக்க வேண்டும், வீட்டில் கைப்பிடிக் கணக்கில் செய்யாதீர்கள். காவிரி நீர் வராத நாட்களுக்கு முன்கூட்டியே பிடித்து மூடி வையுங்கள். கூரையிலிருந்து சுத்தமாகப் பிடித்த மழைநீரிலும் ஃபுளோரைடு கிட்டத்தட்ட இருக்காது. சின்னவனுக்குத் தேநீர் கொடுக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், தேயிலையில் இயல்பாகவே ஃபுளோரைடு அதிகம். இரண்டு வயதுக் குழந்தைக்குப் பற்பசையைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். தண்ணீர்ச் சோதனை முடிவு வரும் வரை அவனுக்கு வெறும் பிரஷ்ஷால் துலக்கிவிட்டால் போதும். மகள் ஃபுளோரைடு பற்பசையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், அவளுக்கு அது சொத்தை வராமல் காக்கும்.

மகளின் சிரிப்புக்கு வருகிறேன். கறையைப் போக்குவதாகச் சொல்லி உப்பு, கரித்தூள், எலுமிச்சை, செங்கல் பொடி எதையும் தேய்க்க விடாதீர்கள். சந்தையில் ஒரு திரவத்தைத் தடவி ஒரு நிமிடத்தில் வெளுத்துக் காட்டுகிறவர்களிடம் கூட்டிப் போகவே கூடாது. அது எனாமலையே அரித்துவிடும். சாதாரணமாகப் பல்லைச் சுத்தம் செய்வதாலும் இந்தக் கறை போகாது, காரணம் அது மேலே ஒட்டியது அன்று. செய்யக்கூடியவை வேறு இருக்கின்றன. மேலோட்டமான பழுப்புக் கறைக்கு, மிக மெல்லிய ஒரு படலத்தை மட்டும் அமிலமும் நுண்பொடியும் கலந்த பசையால் கவனமாகத் தேய்த்து எடுக்கும் மைக்ரோ அப்ரேஷன் என்ற முறை நல்ல பலன் தரும். வெள்ளைத் திட்டுகளுக்கு, நான் மேலே சொன்ன நுண்துளைகளுக்குள் நீர்போன்ற ரெசின் என்ற பிசினைச் செலுத்தி ஒளியால் கெட்டியாக்கும் முறை இருக்கிறது. துளை நிறைந்ததும் திட்டு மங்கிவிடும். பல் குழிவிழும் அளவுக்குப் பாதிப்பு இருந்தால் பல் நிறத்தில் காம்போசிட் பூச்சு. எல்லாமே அவள் வயதில் செய்யத்தக்கவை, பல்லைப் பெரிதாக வெட்ட வேண்டியதில்லை. பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய பீங்கான் தகடான வெனீர் வேண்டும் என்று யாராவது சொன்னால், ஈறு வளர்ச்சி நிலைபெறும் வரை, பதினெட்டு வயது போலப் பொறுத்திருங்கள். அதற்குள் அதைச் செய்ய அவசரப்படுத்துகிறவரின் அறிவுரையை ஏற்காதீர்கள். மருத்துவ முறையில் பல்லை வெளுப்பாக்கும் சிகிச்சையும் இன்னும் சில ஆண்டுகள் கழித்துத்தான்.

ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு வழிதான். குழி விழாதவரை அந்தப் பற்கள் வலிமை குன்றியவை அல்ல, வலிக்காது, பரவாது, புதிதாக எந்தப் பல்லுக்கும் தொற்றாது. ஆனால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டு வயதுப் பெண் அப்படிச் சிரிப்பது சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. ‘வயசுக்கு வந்து கல்யாணப் பேச்சு வரட்டும், அப்போது பார்க்கலாம்’ என்று வீட்டில் சொல்வார்கள். நீங்கள் அதற்கு உடன்பட வேண்டாம். சிகிச்சை மாப்பிள்ளைக்காக அல்ல, ஏழாம் வகுப்பில் எழுந்து நின்று வாய் திறந்து பதில் சொல்வதற்காக. எது வேண்டும், எப்போது வேண்டும் என்பதை அவளிடமே கேளுங்கள். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவிலோ பல் மருத்துவக் கல்லூரியிலோ முதலில் காட்டுங்கள், செலவைப் பற்றிய பயம் குறையும். வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த வகுப்பில் இதே அட்டையோடு வீட்டுக்குப் போன பிள்ளை அவள் ஒருத்தியாக இருக்க வாய்ப்பில்லை.

இதே தண்ணீரை நீண்ட காலம் குடித்த பெரியவர்களில் யாருக்காவது கழுத்தோ முதுகோ விறைத்து, குனியவோ திரும்பவோ முடியாமல் இருந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள், தண்ணீரைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள். வெறும் மூட்டுவலியை எல்லாம் இதனோடு முடிச்சுப்போட வேண்டாம்.

சோதனைக்குத் தண்ணீர் பிடிக்கும் முறை: மோட்டாரைப் போட்டு ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு, நிறையப் பிடித்து இறுக மூடுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியக்கூடும். மேலே ஊர்ப்பெயர், போரின் ஆழம், தேதி எழுதி, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். அறிக்கையில் ஃபுளோரைடு என்ற வரியை மட்டும் பாருங்கள். இந்தியத் தர அளவுப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருந்தால் அந்த அறிக்கையை நகலெடுத்துப் பஞ்சாயத்துத் தலைவரிடமும் அங்கன்வாடிப் பணியாளரிடமும் கொடுங்கள். உங்கள் போரிலிருந்து குடம் குடமாக எடுத்துப்போகும் அக்கம்பக்கத்து வீடுகளில் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால், அறிக்கை வரும் வரை காத்திருக்காமல் அவர்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.